ஒரு சொட்டின் நுண்வாசிப்பு

ஆய்வேட்டின் மூன்றாம் இயலின் மேல் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

அலெக்சாண்டர் மண்டியிட்டுப் பார்த்தான். ரிச்சர்ட்ஸ் டவுனில் அவன் மாமனார் வீட்டுப் போர்ட்டிகோவில் பழைய ஜீப் நின்றிருந்தது. மலைப்பாதைக்கும் சேற்றுக்கும் என்றே செய்யப்பட்ட வண்டி. இப்போது குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு நிழல் தந்துகொண்டிருந்தது. அதன் முன்சக்கரங்களுக்கு நடுவே, தரை கறைபடாமலிருக்க விரித்திருந்த தாள்களில், ‘நவீனத் தமிழ்ச் சிறுகதையில் பார்வையின் அரசியல்’ என்ற தலைப்பு பாதி தெரிந்தது. மறுபாதியைச் சிவப்பு எண்ணெய் வட்டமாக விழுங்கியிருந்தது.

“அத்தை, இது என்னோட தீசிஸ்.”

“பழைய பேப்பர்னு நெனச்சுட்டேன் தம்பி.” மாமியார் ஃபிலோமினா துடைப்பத்தை நிறுத்தினார். “பின்பக்கம் வெறுசா இருந்துச்சு. ஆனா நல்லா உறிஞ்சுது.”

அந்த இயலைப் பற்றி அதுவரை யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அதை ஓராண்டாகப் படித்துக்கொண்டிருந்தார். சந்திக்கும்போதெல்லாம் “கனமா இருக்கு” என்பார். தாள்களின் எடையைச் சொல்கிறாரா என்று அலெக்சாண்டருக்குச் சந்தேகம் இருந்தது.

சொட்டு, பவர் ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து வந்தது. ஓட்டுபவரின் கைப்பலத்தை எண்ணெயின் அழுத்தத்தால் பெருக்கி முன்சக்கரங்களுக்கு அனுப்பும் இரும்புப் பெட்டி அது. அதற்குள் எண்ணெயைக் கொண்டுவரும் குழாய், ஒரு நட்டால் பெட்டியோடு இணைந்திருந்தது. அந்த இணைப்பில் இரண்டு ஆண்டுகளாகக் கசிவு. மெக்கானிக் டேரில் வந்து நட்டை முடுக்கிவிட்டுப் போவார். நாலைந்து நாள் காய்ந்திருக்கும். அடுத்த சனிக்கிழமைக்குள் மறுபடி சொட்டத் தொடங்கிவிடும்.

சனிக்கிழமைதான் தீர்ப்பு நாள். மாமனார் டொமினிக், ஒரு பெரிய தொழிற்சாலையின் வாகனப் பிரிவில் தகுதிச் சோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரேக் விளக்கு எரியவில்லை என்பதற்காக நிர்வாக இயக்குநரின் காரையே கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவர். பணி ஓய்வு பெற்றாலும் விதி ஓய்வு பெறவில்லை: ஒரு சொட்டு ஒழுகினாலும் வண்டி கேட்டைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் அவர் ஜீப்பின் அருகே குந்தி உட்கார்ந்து, கீழே விரித்த தாளை விரலால் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோய், “ஒழுகுது” என்று அறிவிப்பார். பிறகு சாவியை வரவேற்பறையில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழிருந்த ஆணியில் மாட்டுவார். வண்டி இன்னொரு வாரம் தொட்டிகளுக்கு நிழல் தரும்.

இந்தச் சடங்கில் அலெக்சாண்டருக்கு எந்த இடமும் இல்லை. அந்த வீட்டிலேயே அவனுக்கு எந்த இடமும் இல்லை என்றுதான் அவன் கருதினான். ஜூலியாவைக் கல்யாணம் செய்துகொண்டு, ஆய்வு முடியும்வரை என்ற நிபந்தனையோடு அங்கே குடியேறியிருந்தான். ஜூலியா வேலைக்குப் போனாள். அவன் மாடியில் வாசித்தான். டொமினிக் அவனை ஒருநாளும் மாப்பிள்ளை என்று அழைத்ததில்லை. புரொபசர் என்பார். வந்தவர்களிடம், “இவர்தான் புரொபசர்” என்று அறிமுகப்படுத்தி, சற்றே மூச்சு வாங்கி, “ஆகப் போறார்” என்று முடிப்பார்.

அதைவிடப் பெரிய வலி ஒன்றும் இருந்தது. அலெக்சாண்டரின் ஆய்வுப்பொருள் பார்வை. கதைகளில் யார் யாரைப் பார்க்கிறார், யார் யாரைப் பார்க்க மறுக்கிறார், அந்த மறுப்பில் எந்த அதிகாரம் ஒளிந்திருக்கிறது என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டும் நுண்வாசிப்பில் தனக்கு நிகரில்லை என்பது அவனுடைய அடக்கமான கருத்து. ஆகவே, மாமனார் தன்னோடு பேசும்போது ஒருமுறைகூட முகத்தை நேராகப் பார்ப்பதில்லை என்பதை அவனால் கவனிக்காமலிருக்க இயலவில்லை. டொமினிக்கின் கண்கள் எப்போதும் அவனது இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி நின்றன. இதற்கு ‘அங்கீகாரம் மறுக்கும் பார்வை’ என்று பெயரிட்டு, ஊரையும் உறவையும் மாற்றி, இரண்டாம் இயலில் ஓர் அடிக்குறிப்பாகவே சேர்த்துவிட்டான். காலையில் ஃபிலோமினா செய்தித்தாளை உரக்க வாசிக்க, டொமினிக் நாற்காலியில் சாய்ந்து கேட்பார். கணவன் கேட்க, மனைவி உழைக்க வேண்டும் என்ற ஆணாதிக்க ஏற்பாட்டுக்கு உதாரணமாக அது இன்னோர் அடிக்குறிப்பில் இருந்தது.

அன்றிரவு மீன்குழம்புக்கு முன்னால் அவன் அறிவித்தான்.

“மாமா, ஸ்டீரிங் பாக்ஸ நானே மாத்தறேன்.”

ஃபிலோமினாவின் கரண்டி சட்டியிலேயே நின்றது. ஜூலியா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

“புரொபசர்,” என்றார் டொமினிக், அவன் காதுக்குப் பக்கத்திலிருந்த தண்ணீர் ஜாடியைப் பார்த்து. “அது கட்டுரை இல்ல. தப்பாப் போட்டா சுவத்துல போய் நிக்கும்.”

“எல்லா வீடியோவும் பாத்துட்டேன் மாமா.”

“நீச்சலும் வீடியோலதான் கத்துக்கிட்டீங்க,” என்றாள் ஜூலியா. “அல்சூர் ஏரில படகுல ஏறச்சொல்லவே பயந்தீங்க.”

“அவர் மாத்திட்டா டாடி,” என்று பிறகு அவளே பேரம் பேசினாள், “அவர மாப்ளன்னு கூப்பிடுவீங்களா?”

டொமினிக் மீன் முள்ளை நாக்கால் தேடி எடுத்து வைத்தார். “மாத்தட்டும். ஒரு சனிக்கிழமை சொட்டு இல்லாம நிக்கட்டும். மறுநாள் நானே ஓட்டிட்டுப் போறேன். விவேக் நகர் கோயிலுக்கு, தமிழ்ப் பூசைக்கு, எல்லாரையும் ஏத்திக்கிட்டு. எப்படிக் கூப்பிடறதுன்னு அன்னிக்குச் சொல்றேன்.”

“எதுக்குங்க இப்ப அதெல்லாம்,” என்றார் ஃபிலோமினா. “ஆட்டோவுல போனா ஆவாதா?”

“ஆட்டோவுல போறவனா நான்?”

மறுநாள் அலெக்சாண்டர் டேரிலின் பட்டறைக்குப் போனான். டேரில் எதையும் ஐயமின்றிச் சொல்பவர். அந்த ஒரு குணத்துக்காகவே அலெக்சாண்டர் அவர்மேல் பொறாமை கொண்டிருந்தான்.

“பாக்ஸ் செத்துப்போச்சு சார். எத்தன வாட்டி டைட் பண்ணாலும் நட்டு லூஸாவுதுன்னா மரை போயிருக்குன்னு அர்த்தம்.”

“தானா எப்படி லூஸாகும்?”

“வண்டி அதிருதுல்ல.”

“வண்டி ரெண்டு வருஷமா ஒரே எடத்துல நிக்குதே.”

“நிக்கற எடத்துலயே அதிரும் சார். ஓல்டு வண்டி. டாடி தெனம் காலைல இன்ஜின் ஸ்டார்ட் பண்றாரா இல்லையா? சும்னே, வீணா யோசிக்காதீங்க. பாக்ஸ மாத்துங்க, நான் கேரண்டி.”

விளக்கத்தில் ஏதோ ஓர் ஓட்டை இருப்பதாக அலெக்சாண்டருக்குப் பட்டது. ஆனால் அவனுடைய துறையில் இதைவிடப் பெரிய ஓட்டைகளோடு பட்டம் வாங்கியவர்கள் இருந்தார்கள். ஒப்புக்கொண்டான்.

சிவாஜி நகரின் பழைய உதிரிபாகக் கடையில் அவன் பாக்ஸை விவரித்த விதத்தில் உவமைகள் மிகுந்திருந்தன, அளவுகள் இல்லை. “கவிழ்த்து வைத்த இதயம்போல இருக்கும்” என்றும் சொன்னான். கடைக்கார பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய், “ஏக்தம் மஸ்த் மால் சார், ஒசந்த சரக்கு” என்று ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். அதை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு வந்து ஜீப்பின் பக்கத்தில் வைத்தபோதுதான் அது லாரியுடையது என்று தெரிந்தது. திருப்பிக் கொண்டுபோனான். அடுத்தமுறை கைப்பேசியில் படம் எடுத்துச் சென்றான். சரியான பாக்ஸ் கிடைத்தது. உவமையின் வரம்புகளைப் பற்றி அவனுடைய முதல் இயல் முப்பது பக்கங்களில் சொல்ல முயன்றதை அந்த ஆட்டோக்காரர், “போட்டோ காட்டியிருக்கலாமே சார்” என்று முடித்துவிட்டார்.

கழற்றும் வேலை ஸ்பானரில் தடைபட்டது. டொமினிக்கின் ஸ்பானர் பெட்டியில் ஒவ்வொன்றும் தன் எண்ணுக்குரிய பள்ளத்தில் படுத்திருந்தது. பதினேழாம் நம்பரின் பள்ளம் மட்டும் காலி. எண்ணெய்க்குழாயின் நட்டுக்குத் தேவை அதுதான். போர்ட்டிகோவிலும் மாடியிலும் தேடினான். கடைசியில், தண்ணீர் குடிக்கப் போன சமையலறையில், இழுப்பறையைத் திறந்தபோது, தோசைக்கரண்டிக்கும் மத்துக்கும் நடுவே அது பளபளவென்று கிடந்தது.

“அத்தை, இது எப்படி இங்க?”

“கேஸ் சிலிண்டருக்கு வெச்சிருக்கேன் தம்பி.” ஃபிலோமினா அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். “சில நேரம் டைட்டா இருக்கும்.”

சிலிண்டருக்கு ஸ்பானர் வேண்டியதில்லை என்று அவனுக்குத் தெரியாது. அவன் சிலிண்டர் மாற்றியதே கிடையாது. பெண்களின் உழைப்பு கருவிகளுக்குப் புதிய பொருள் தருவது பற்றி ஓர் அடிக்குறிப்பு மனதில் உருவாகிக்கொண்டிருந்தது. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

நட்டு ஒரே திருப்பில் வெண்ணெய்போலக் கழன்றது. எண்ணெய் பீறிட்டது. கைக்குக் கிடைத்த பாத்திரத்தை அடியில் வைத்தான். அது கிறிஸ்மஸ் பலகாரமான கல்கல்லுக்கு மாவு பிசையும் குண்டான் என்று பிறகு தெரிய வந்தது. ஃபிலோமினா அதைத் தோட்டக் குழாயடியில் கொண்டுபோய்க் கழுவினார். எண்ணெய் வாடை போகாததால் அது குரோட்டன்ஸ் தொட்டியாயிற்று.

பாக்ஸுக்கு அடியில், அதன் தண்டைப் பற்றிக்கொண்டு ஓர் இரும்புக் கை தொங்கும். டிராப் ஆர்ம் என்பார்கள். உள்ளே பற்கள், எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் இருந்ததோ, திரும்பவும் அங்கேயே உட்கார வேண்டும். கழற்றுமுன் அடையாளம் போட வேண்டும் என்று எல்லா வீடியோக்களும் ஒரே குரலில் வற்புறுத்தியிருந்தன. அலெக்சாண்டர் சாக்பீஸால் இரண்டு பக்கமும் அழகாகக் கோடு போட்டான். முன்னெச்சரிக்கையாகப் படமும் எடுத்தான். பெரிய சுத்தியால் நாலு அடி வைத்ததும் கை கழன்று அவன் விரல்மேலேயே விழுந்தது. விரலுக்குக் கட்டுப்போடப் போய்த் திரும்பியபோது, அந்த இரும்புக் கை, துடைத்து வைத்த வெள்ளிச் சாமான்போல் மின்னியது.

“இதுல கோடு போட்டிருந்தேனே?”

“எண்ணெய்ப் பிசுக்கா இருந்துச்சு தம்பி. சோப்புப் போட்டுத் துடைச்சு வெச்சேன்.”

படத்தைத் திறந்தான். கோடு இருந்த இடத்தை அவனுடைய கட்டைவிரல் முழுமையாக மறைத்திருந்தது.

ஆகவே ஊகித்துப் பொருத்தினான். ஆய்வுலகில் அதற்குக் கருதுகோள் என்று பெயர்.

மாலையில் டொமினிக் பார்வையிட வந்தார். தரையில் கழற்றிய பழைய பாக்ஸ் கரிபடிந்து கிடந்தது. புதியது வண்டியில் ஏறியிருந்தது. டொமினிக் குனிந்து பழையதை வாஞ்சையோடு தட்டிக்கொடுத்தார்.

“புதுசு நல்லா கெட்டியா இருக்கே, புரொபசர். எப்ப மாட்டப் போறீங்க?”

அலெக்சாண்டர் இந்த எள்ளலின் நுட்பத்தைக் கண்டு உள்ளுக்குள் சுருண்டான். பழையதைத் தட்டிப் புதியது என்பது. மாட்டியதை மாட்டவில்லை என்பது. ஒரே வாக்கியத்தில் அவனுடைய ஒருநாள் உழைப்பை இல்லாமல் ஆக்குவது. இவர் எழுதியிருந்தால் தமிழில் அங்கதம் எங்கோ போயிருக்கும் என்று மனத்துக்குள் வெறுப்போடு பாராட்டினான்.

அடுத்து, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். முன்சக்கரங்களை ஜாக்கி வைத்து உயர்த்தி, ஜூலியாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, அவன் பானட்டுக்குள் எண்ணெய் ஊற்றினான்.

“லெஃப்ட் கடைசி வரைக்கும் திருப்பு.”

“திருப்பிட்டேன்.”

“ரைட் கடைசி வரைக்கும்.”

“திருப்பிட்டேன்.”

“அதுக்குள்ளயா?”

“அவ்வளவுதாங்க போவுது.”

“மெதுவா முழுசாத் திருப்பு ஜூலி.”

“முழுசாத்தான். ரைட்டு கொஞ்சூண்டுதான் இருக்கு. ஒங்கள மாதிரி.”

காற்று போனால் சரியாகிவிடும் என்று அலெக்சாண்டர் கருதினான். ஃபிலோமினா காபி கொண்டுவந்தார். வண்டியின் அடியில் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இனிமே ஒழுகாதா தம்பி?”

“ஒழுகாது அத்தை.”

“சுத்தமாவா?”

அவருடைய முகம் வாடியிருந்தது. இவன் வேலைமேல் அவருக்கும் நம்பிக்கையில்லை என்று அலெக்சாண்டர் அதை வாசித்தான். காபி கசந்தது.

மறுநாள் காலை வெள்ளோட்டம். விதிக்குப் புறம்பாகாமல், “சோதனைக்கு மட்டும்” என்று டொமினிக் அனுமதி தந்தார். அலெக்சாண்டர் கேட்டைத் தாண்டி இடப்பக்கம் திருப்பினான். வண்டி கோவேறு கழுதையாக இல்லாமல் குதிரையாகத் திரும்பியது. நெஞ்சு நிமிர்ந்தது. தெருமுனையில் வலப்பக்கம் ஒடித்தான். ஸ்டீரிங் கொஞ்சம் திரும்பி, சுவரில் முட்டியதுபோல் நின்றது. வண்டி வலப்பக்கத்தை ஒரு யோசனையாக ஏற்றுக்கொண்டதே தவிர, செயல்படுத்தவில்லை.

டிராப் ஆர்ம் தவறான பல்லில் உட்கார்ந்திருந்தது. கருதுகோள் பொய்த்துவிட்டது.

மிச்சமிருந்த ஒரே திசை இடது. இடது, இடது, மறுபடி இடது. பூங்காவையொட்டிய தெருவைச் சுற்றி வீட்டுக்கே திரும்பி வந்தான். கேட்டுக்குள் இடப்பக்கம் திருப்பினால் போதும். ஆனால் கேட்டை அடைத்துக்கொண்டு ஒரு காய்கறித் தள்ளுவண்டி நின்றது. ஃபிலோமினா பீன்ஸை ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, வண்டிய நகத்தச் சொல்லுங்க.”

“இருங்க தம்பி, முத்தலா இருக்கு.”

பின்னால் பள்ளிப் பேருந்து ஹாரன் அடித்தது. நிற்க இடமில்லை. அலெக்சாண்டர் மறுபடி சுற்றப் போனான். இரண்டாம் சுற்றில் ஃபிலோமினா கத்தரிக்காய்க்கு வந்திருந்தார். மூன்றாம் சுற்றில் கொத்துமல்லிக்கு. தெருமுனை ஆட்டோ நிறுத்தத்தில் இருந்தவர், “எல்லிகே சார்?” என்று முதலில் அக்கறையாகவும், எங்கே போகிறீர்கள் என்ற அதே கன்னடக் கேள்வியை அடுத்தமுறை கவலையாகவும் கேட்டார், மூன்றாம் முறை எழுந்து நின்று சல்யூட் வைத்தார். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த டொமினிக் கண்ணை மூடிக்கொண்டு, இன்ஜின் சத்தத்தை வைத்தே தீர்ப்பு வழங்கினார்.

“மறுபடியும் லெஃப்ட். புரொபசர் கொள்கைக்காரர்.”

டேரிலை அழைக்க வேண்டியதாயிற்று. அவர் வந்ததும் டொமினிக் எழுந்து கைகொடுத்து, “வாங்க புரொபசர், ஒருவழியா எறங்கிட்டீங்களா?” என்றார். அலெக்சாண்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். மெக்கானிக்கைப் புரொபசர் என்பதன் வழியே புரொபசரை என்னவென்று சொல்கிறார் என்பதை வாசிக்க எந்த நுண்வாசிப்பும் தேவைப்படவில்லை.

“ஒண்ணுமில்ல சார், ஸ்டீரிங் வீல கழட்டித் திருப்பி மாட்டிட்டா சரியாயிடும்,” என்றார் டேரில், ஐயமின்றி.

கழற்றித் திருப்பி மாட்டினார். வண்டி அப்போதும் இடப்பக்கம்தான் போனது. இப்போது கூடுதலாக, இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம் ஹாரனும் அடித்தது.

“ஹாரன் ஒயர் மாட்டிக்கிச்சு. நல்லதுதான் சார், எல்லாரும் வழி விடுவாங்க.”

“டேரில், டிராப் ஆர்ம் பல்லு மாறியிருக்குன்னு நெனைக்கறேன்.”

“அப்பவே நெனச்சேன் சார். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு விட்டேன்.”

இருவரும் அடியில் படுத்தார்கள். இரும்புக் கையை மறுபடி அடித்துக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிப் பார்த்தார்கள். இப்போது வலப்பக்கம் முழுதாகப் போனது, இடப்பக்கம் குறைந்தது. ஜூலியா மேலிருந்து ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பி, “லெஃப்ட் கட்சி தோத்துச்சு,” “கூட்டணி ஆட்சி,” என்று நிலவரம் சொன்னாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஹாரன் அடித்தது. எதிர்வீட்டில் யாரோ சன்னலைச் சாத்தினார்கள். வெயில் சாய்வதற்குள் கை தன் பல்லைக் கண்டுகொண்டது. இரண்டு பக்கமும் சமமாகத் திரும்பியது. ஹாரனும் அமர்ந்தது. எண்ணெய்க்குழாயின் நட்டை அலெக்சாண்டரே தன் கையால், பதினேழாம் நம்பர் ஸ்பானரால், இறுக்கினான். பிறகு அந்த ஸ்பானரைத் துடைத்து, டொமினிக்கின் பெட்டியில் அதற்குரிய பள்ளத்தில் படுக்கவைத்துப் பெட்டியைச் சாத்தினான். அவனுடைய வாழ்வில் ஒரு பொருள் அதற்குரிய இடத்தில் பொருந்திய முதல் தருணம் அது.

இன்னொரு காரியமும் செய்தான். மாடிக்குப் போய் ஆய்வேட்டின் நான்காம் இயலை எடுத்துவந்து, அதைத் தானே ஜீப்பின் அடியில் விரித்தான்.

“அது நல்ல பேப்பராச்சே தம்பி,” என்றார் ஃபிலோமினா.

“நனையாது அத்தை. எனக்கு நம்பிக்கை இருக்கு.”

அந்த வாரம் முழுவதும் அவன் வாசிக்கவில்லை. காலையிலும் மாலையிலும் குனிந்து நான்காம் இயலைப் பார்த்தான். எழுதிய நாளிலிருந்து அவன் அதை இவ்வளவு ஆர்வமாகத் திருப்பிப் பார்த்ததில்லை. ஒருநாள் மதியம் அவன் இறங்கி வந்தபோது ஃபிலோமினா ஜீப்பின் பக்கத்தில் உட்கார்ந்து அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தார். “பூனை இருக்கான்னு பாத்தேன்” என்று எழுந்து போனார். சமையலறை இழுப்பறைகள் திறந்து மூடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

சனிக்கிழமை வந்தது. டொமினிக் குந்தி உட்கார்ந்தார். விரல் தாளின் மேல் மெல்ல ஊர்ந்தது. ஒரு வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருப்பதுபோல் அலெக்சாண்டர் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். டொமினிக் விரலை மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி தடவினார். தாளைப் புரட்டி மறுபக்கமும் தடவினார். அந்த இயலை அவ்வளவு முழுமையாக இனி யாரும் பரிசோதிக்கப் போவதில்லை.

“ட்ரை,” என்றார்.

எழுந்தார். முழங்கால் சடக்கென்றது. கையைத் துடைத்துக்கொண்டு, அலெக்சாண்டரின் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளியிருந்த குரோட்டன்ஸ் செடியைப் பார்த்தார்.

“மாப்ள.”

 அலெக்சாண்டர் அந்தப் பார்வையைக்கூட மன்னித்தான். அங்கீகாரம் கண்ணில் மறுக்கப்பட்டாலும் சொல்லில் வந்து சேரக்கூடும் என்று இரண்டாம் இயலின் அடிக்குறிப்பைத் திருத்த வேண்டும் என முடிவு செய்தான்.

“நாளைக்குக் காலைல விவேக் நகர். நான் ஓட்டறேன். நீங்க முன்னாடி என் பக்கத்துல உக்காருங்க மாப்ள, பொம்பளைங்க பின்னாடி. ஓசூர் ரோடு பக்கமா ஒரு ரவுண்டும் போவோம். ரெண்டு வருஷம் ஆச்சு.”

வரவேற்பறைக்குப் போய்ச் சுவரைத் தடவி, ஆணியிலிருந்த சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கேட்டைத் திறந்துகொண்டு தண்ணீர் கேன் போடுபவர் உள்ளே வந்தார். டொமினிக் அவர் தோளைத் தட்டினார்.

“டேரில், எங்க மாப்ள ஜெயிச்சுட்டார்ப்பா.”

தண்ணீர் கேன்காரர், “சந்தோஷம் சார்” என்று கேனை இறக்கினார்.

அலெக்சாண்டர் சமையலறைக்கு ஓடினான். செய்தியை முதலில் அங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. பாவம், குண்டானை இழந்தவர்.

“அத்தை, சொட்டு இல்ல. மாமா மாப்ளன்னு கூப்பிட்டுட்டார்.”

ஃபிலோமினா அடுப்பை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“இனிமே ஒழுகவே ஒழுகாதா தம்பி?”

“வாழ்நாள் பூரா ஒழுகாது அத்தை. நானே டைட் பண்ணியிருக்கேன்.”

அவர் சன்னல் வழியே, கேட்டுக்குப் பக்கத்திலிருந்த விளக்குக்கம்பத்துக்குக் கையசைத்துக்கொண்டிருந்த கணவனைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு அலெக்சாண்டரின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அப்ப ராத்திரிக்குள்ள அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பானர எங்கிட்டயே திருப்பிக் குடுத்துருங்க தம்பி, எதிர்ல வர்றது பஸ்ஸா மரமான்னு கண்ணு தெரியாத மனுஷன் வண்டி எடுக்காம இருக்கணும்னா, இந்தப் புது பாக்ஸ் நட்டையும் வாராவாரம் நான்தான் லூஸ் பண்ணி விடணும்.”